கொரியத் தொல்லியலில் தொடக்க உலோகக் காலப் பகுப்பு: ஒரு திறனாய்வு

கொரியத் தீபகற்பத்தில் வெண்கலமும் அதன்பின் இரும்பும் புழக்கத்துக்கு வந்த காலம் ஏறத்தாழ கி.மு. 1500 முதல் கி.பி. 300 வரை நீள்கிறது. இந்த 1,800 ஆண்டுகளைத் தொல்லியல் நூல்கள் பல பெயர்களால் பிரிக்கின்றன. வெண்கலக் காலம், முமுன் மட்பாண்டக் காலம், தொடக்க இரும்புக் காலம், முன்-மூவரசுக் காலம், சம்ஹான் காலம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், ஒரே கல்லறை ஒரு நூலில் ஒரு காலத்திலும் மற்றதில் வேறொரு காலத்திலும் வைக்கப்பட்டிருப்பதைக் காண்பார். அது அச்சுப்பிழை அன்று. பகுப்பு முறையிலேயே உள்ள சிக்கல்.

இக்கட்டுரை அப்பகுப்பு முறையை மதிப்பிடுகிறது. ஆண்டுக் கணக்கில் உள்ள வேறுபாடுகளை விட அடிப்படையான குறை ஒன்று இதில் உண்டு. உலோகம், மட்பாண்டம், எழுத்துச் சான்று என்னும் மூன்று வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டவை ஒரே ஏணியின் படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அப்படிகளுள் மிகவும் பலவீனமானது "தொடக்க இரும்புக் காலம்" என்பதே இக்கட்டுரையின் முடிவு.

இன்றைய வகுப்பு

தென் கொரியாவிலும் வெளிநாட்டு ஆய்வுகளிலும் பரவலாக வழங்கும் வகுப்பைச் சுருக்கமாக இவ்வாறு தரலாம்.

- கி.மு. 1500–1300: முமுன் தோற்ற நிலை. வாய்விளிம்பில் புடைத்த பட்டை கொண்ட பானைகள். ஹானாம் நகரின் மிசாரி இதற்கு எடுத்துக்காட்டு.
- கி.மு. 1300–850: முற்கால முமுன். காராக்தோங், யொக்சாம்தோங், ஹுனாம்ரி ஆகிய இடங்களின் பெயரால் அறியப்படும் பானை வகைகள்.
- கி.மு. 850–550: இடைக்கால முமுன். சோங்குங்னி பண்பாடு.
- கி.மு. 550–300: பிற்கால முமுன். விளிம்பில் களிமண் பட்டை ஒட்டிய பானைகள்.
- கி.மு. 300–100: தொடக்க இரும்புக் காலம்.
- கி.மு. 100–கி.பி. 300: முன்-மூவரசுக் காலம்.

"முமுன்" என்றால் கொரிய மொழியில் "அலங்காரக் கோலம் அற்ற" என்று பொருள். இதற்கு முந்தைய புதிய கற்காலத்துப் பானைகளில் சீப்பால் கீறியது போன்ற கோலங்கள் இருக்கும். அவை மறைந்து வெற்றுப் பரப்புள்ள பானைகள் வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. முமுன் காலத்தின் பெரும்பகுதியையே வேறு நூல்கள் வெண்கலக் காலம் என்கின்றன.

மேலே உள்ள பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அளவுகோல் மாறுவது தெரியும். முதல் நான்கு படிகளின் பெயர் பானையைக் கொண்டு அமைந்தது. ஐந்தாவது படியின் பெயர் உலோகத்தைக் கொண்டது. ஆறாவது படியின் பெயர் அரசுகளைக் கொண்டது. உயரத்தை அடியிலும் எடையைக் கிலோவிலும் வயதை ஆண்டிலும் அளந்துவிட்டு, மூன்று எண்களையும் ஒரே வரிசையில் எழுதியது போன்ற நிலை இது.

முதல் பெயரும் அது செய்த தீங்கும்

கல், வெண்கலம், இரும்பு என்னும் மூன்று காலப் பகுப்பை டென்மார்க்கின் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் பொருள்களை ஒழுங்குபடுத்திய கிறிஸ்டியன் தாம்சன் உருவாக்கினார். 1836இல் வெளிவந்த வழிகாட்டி நூலின் வழியே அது பரவியது. ஸ்காண்டினேவியப் பொருள்களை அடுக்குவதற்குப் பிறந்த முறை, பின்னர் உலகின் எல்லா நிலங்களுக்கும் பொதுவான ஏணியாகக் கருதப்பட்டது. ஒரு நாடு அதில் ஒரு படியைத் தவறவிட்டால், அந்நாட்டு மக்கள் பின்தங்கியவர்கள் என்னும் எண்ணமும் உடன் வந்தது.

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. அக்காலத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் கொரியாவுக்குத் தனியான வெண்கலக் காலம் இருந்ததாக ஏற்கவில்லை. "உலோகமும் கல்லும் இணைந்து வழங்கிய காலம்" என்னும் பெயரை வழங்கினர். நம் பாடநூல்களில் வரும் "செம்புக் கற்காலம்" என்னும் சொல்லுக்கு இது ஒருவகையில் ஒப்பானது. 1920இல் தென்கிழக்குக் கரையில் உள்ள கிம்ஹே கிளிஞ்சல் மேட்டை அவர்கள் அகழ்ந்தபோது, சீனாவில் வாங் மாங் ஆட்சியில் கி.பி. 14 முதல் வார்க்கப்பட்ட நாணய வகை ஒன்று கிடைத்தது. கல்லும் இரும்பும் அங்கே சேர்ந்தே காணப்பட்டன. கற்காலத்தில் தேங்கிக் கிடந்த மக்களுக்குச் சீனாவின் ஹான் பேரரசு உலோகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது என்னும் விளக்கத்துக்கு இத்தகைய சான்றுகள் பயன்பட்டன. கி.மு. 108இல் ஹான் பேரரசு கோஜோசொன் அரசை வீழ்த்தி, வடமேற்கில் லெலாங் முதலிய ஆட்சிப் பிரிவுகளை நிறுவியது இவ்விளக்கத்தின் மையமாக வைக்கப்பட்டது.

இதன் அரசியல் பயனை விளக்க வேண்டியதில்லை. தானாக வளராத சமூகம் அன்னியர் கையால்தான் முன்னேறும் என்று காட்டினால், அன்றைய அன்னிய ஆட்சிக்கு அது நியாயமாகிவிடும். ஆகவே, காலத்துக்கு இடும் பெயர் வெறும் அடையாளச் சீட்டு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயரே மறுமொழி. ஒரு பெயர் 35 ஆண்டுகள் ஒரு மக்களின் பழமையையே மறைத்து வைத்தது.

விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. வியன்னாவில் பயின்று திரும்பிய தோ யுஹோ, வட கொரியத் தொல்லியலுக்கு அடித்தளம் இட்டார். அங்கு 1950களில் நடந்த அகழாய்வுகள் தனி வெண்கலக் காலத்தை நிலைநாட்டின. தெற்கில் 1974ஆம் ஆண்டு முக்கியமானது. புயோ வட்டாரத்துச் சோங்குங்னியில் ஒரு கற்பதுக்கையில் வெண்கலக் குத்துவாள், மெருகிட்ட கல் குத்துவாள், கல் அம்பு முனைகள், பச்சைக்கல் மணிகள் ஆகியவை ஒன்றாகக் கிடைத்தன. அந்த வெண்கல வாள், சீனாவின் வடகிழக்கில் லியாவோனிங் பகுதியில் தொடங்கிக் கொரியா வரை பரவிய வகை. பிபா என்னும் நரம்பிசைக் கருவியைப் போல அடிப்பகுதி அகன்று வளைந்திருப்பதால் அதைப் பிபா வடிவ வாள் என்பர். அதே ஊரின் குடியிருப்பில் வெண்கலக் கோடரி வார்க்கும் கல் அச்சும் பின்னர் கிடைத்தது. வெண்கலம் இறக்குமதிப் பொருள் மட்டுமன்று, உள்ளூரிலேயே வார்க்கப்பட்டது என்பதற்கு அது நேரடிச் சான்று. ஹான் படைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது.

வெண்கலம் அரிதான வெண்கலக் காலம்

பழைய தவறு திருத்தப்பட்டபோது புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. தனி வெண்கலக் காலம் உண்டு என்று நிறுவும் ஆர்வத்தில் முமுன் பானைக் காலம் முழுவதற்கும் வெண்கலக் காலம் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆனால் முற்கால முமுன் குடியிருப்புகளில் வெண்கலப் பொருள்கள் மிகவும் அரிது. ஜொங்சொன் வட்டாரத்தின் அவுராஜியில் 2016இல், புடைத்த பட்டைப் பானைகள் இருந்த வீட்டில் சிறு வெண்கல அணிகலன்கள் கிடைத்தது பெரும் செய்தியானதற்குக் காரணமே இந்த அரிதுதான்.

அக்காலத்து மக்களின் வாழ்க்கையை மாற்றியது உலோகம் அன்று, வேளாண்மை. ஹுனாம்ரியில் 1970களில் நடந்த அகழாய்வில் கருகிய நெல்மணிகள் கிடைத்தன. உல்சானின் ஒக்ஹ்யொன், நொன்சானின் மாஜொன்ரி ஆகிய இடங்களில் வயல்களின் தடங்களே வெளிப்பட்டன. ஜின்ஜு அருகே நாம் ஆற்றில் அணைப் பணிக்காக 1990களில் அகழப்பட்ட தேப்யோங்கில் பெரிய குடியிருப்பு, அதைச் சூழ்ந்த அகழிகள், பரந்த புன்செய் நிலங்கள், கல்மணி செய்த தடயங்கள் ஆகியவை தெரியவந்தன. உழவரின் கையில் இருந்த கருவிகள் கல்லாலும் மரத்தாலும் ஆனவை. நெற்கதிர் கொய்தது கல் அரிவாளால். வெண்கலம் பெரும்பாலும் தலைவர்களின் கல்லறையில் படுத்திருந்தது.

எனவே "வெண்கலக் காலம்" என்று படிக்கும் மாணவர், ஊரெல்லாம் வெண்கலக் கருவிகள் ஒலித்ததாகக் கற்பனை செய்துகொண்டால் அது அவர் தவறன்று, பெயரின் தவறு. இவ்வகையில் முமுன் என்னும் பானைப் பெயர் நேர்மையானது. அகழும் குழியில் எங்கும் கிடைப்பதை வைத்து அது பெயரிடுகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு. "கோலமற்ற பானைக் காலம்" என்னும் பெயர் இல்லாத ஒன்றைச் சொல்கிறதே தவிர, நெல்லும் அகழி சூழ்ந்த ஊரும் கல்திட்டைகளும் இருந்ததைச் சொல்வதில்லை. கோசாங், ஹ்வாசுன், காங்ஹ்வா ஆகிய இடங்களின் கல்திட்டைகள் 2000இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. அவற்றைக் கட்டிய சமூகத்தைப் பானையின் வெறுமையால் அழைப்பது பொருத்தமா என்னும் கேள்வி நியாயமானது. அமெரிக்க அறிஞர் சாரா நெல்சன் தம் நூலில் பெருங்கற்காலம் என்னும் பெயரைத் தேர்ந்தது இதனால்தான் எனலாம். ஆனால் கல்திட்டை ஒருவகை ஈமச்சின்னம். அதை ஒரு காலம் முழுவதற்கும் பெயராக்கினால் வாழ்ந்தவர்களை விடுத்து இறந்தவர்களை வைத்துக் காலத்தை அளப்பதாகிவிடும். தமிழகத்துப் "பெருங்கற்காலம்" பற்றிப் படித்தவர்களுக்கும் இந்தத் தடை புதிதன்று.

உட்பிரிவுகளிலும் குழப்பம் உண்டு. மேற்கண்ட பட்டியலில் சோங்குங்னி பண்பாடு "இடைக்காலம்". வெண்கலக் காலத்தை முற்காலம், பிற்காலம் என இரண்டாக மட்டும் பிரிக்கும் கொரிய ஆய்வாளர்களின் நூல்களில் அதே சோங்குங்னி "பிற்காலம்". நடுவில் குழியும் அதன் இரு முனைகளில் தூண்குழிகளும் உள்ள அதே வட்ட வீடுதான். பெயர் மட்டும் மாறுகிறது. "பிற்கால வெண்கலக் காலம்" என்று மட்டும் எழுதினால், கி.மு. 800ஐக் குறிக்கிறதா, கி.மு. 400ஐக் குறிக்கிறதா என்று வாசகருக்குத் தெரியாது.

தொடக்க இரும்புக் காலம்: மிகவும் பலவீனமான படி

தென் கொரியத் தொல்லியலின் முன்னோடி கிம் வொன்யோங். அவருடைய "கொரியத் தொல்லியல் அறிமுகம்" என்னும் நூல் 1973இல் வெளிவந்தது. பல தலைமுறை மாணவர்கள் அந்நூலையும் அதன் பிற்பதிப்புகளையும் பயின்றனர். அவர் வகுத்த வரிசையில் கி.மு. 300 முதல் கிறித்து ஆண்டுத் தொடக்கம் வரை தொடக்க இரும்புக் காலம், அதிலிருந்து கி.பி. 300 வரை முன்-மூவரசுக் காலம்.

கி.மு. 300 என்னும் கோடு ஏன் அங்கே விழுந்தது? அதற்கு வடக்கே பார்க்க வேண்டும். சீனாவின் யான் நாடு அக்காலத்தில் கிழக்கு நோக்கி விரிந்து கோஜோசொன் அரசின் நிலத்தைக் கைப்பற்றியதைச் சீனப் பதிவுகள் கூறுகின்றன. யாலு ஆற்றங்கரைப் பகுதியில் உள்ள யொங்யொன்தோங்கில் யான் நாட்டின் கத்தி வடிவ நாணயங்களுடன் வார்ப்பிரும்புக் கருவிகள் கிடைத்துள்ளன. ஆகவே தீபகற்பத்தின் வடக்கு ஓரத்துக்கு இந்தக் கோடு பொருந்தும்.

தெற்கில் நிலைமை வேறு. புயோவின் ஹாப்சொங்ரி, தாங்ஜினின் சோசோரி, ஜாங்சுவின் நாம்யாங்ரி ஆகிய இடங்களின் கல்லறைகளில் வார்ப்பிரும்புக் கோடரிகளும் உளிகளும் கிடைத்தன. அவற்றைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கின்றனர். அதாவது, தெற்கில் "தொடக்க இரும்புக் காலம்" தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரை இரும்பே இல்லை எனலாம்.

அந்த நூற்றாண்டில் அங்கே இருந்தது என்ன? கொரிய வெண்கலக் கலையின் உச்சம். பிபா வடிவ வாள் மறைந்து, நேரான அலகுள்ள மெலிந்த குத்துவாள் வந்தது. அதனுடன் நுண்கோட்டு வெண்கலக் கண்ணாடிகள் வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, சுமார் 21 செ.மீ. விட்டமே உள்ள வட்டத்தில் 13,000க்கும் மேற்பட்ட நுண்கோடுகளைக் கொண்டது. ஹ்வாசுனின் தேகோக்ரி ஊரில் 1971இல் ஒருவர் தம் வீட்டு ஓரத்தில் வடிகால் தோண்டியபோது வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. அவர் அவற்றைப் பழைய பொருள் வாங்க வந்த மிட்டாய்க்காரரிடம் கொடுத்துவிட்டார். அந்த வியாபாரி அவற்றின் அருமையை உணர்ந்து மாகாண அலுவலகத்தில் ஒப்படைத்தார். குத்துவாள்கள், கண்ணாடிகள், எட்டுத் தலையுள்ள மணிகள், இரட்டைத் தலை மணிகள் என அமைந்த அத்தொகுதி இன்று கொரியாவின் தேசியச் செல்வம். அதில் இரும்பு ஒன்றும் இல்லை. ஆயினும் பட்டியலின்படி அது "இரும்புக் கால"ப் பொருள்.

இப்பெயரை ஆதரிப்போர் கூறும் காரணம் ஒன்று உண்டு. ஒரு நிலப்பரப்பில் எங்கேனும் ஓரிடத்தில் புதிய தொழில்நுட்பம் நுழைந்தால் அதை வைத்தே காலத்தைத் தொடங்குவது வழக்கம், தீபகற்பம் முழுவதற்கும் ஒரே கோடு இருந்தால் கற்பிக்க எளிது என்பர். கற்பிக்க எளிது என்பதைப் புறக்கணிக்க முடியாது. காலக்கோடு வரைந்து பாடம் நடத்தியவர்களுக்கு அதன் பயன் தெரியும். ஆனால் எளிமைக்காக ஒரு பண்பாட்டின் பெயரையே அதனிடம் இல்லாத உலோகத்துக்குக் கொடுப்பது விலை அதிகமான எளிமை. மேலும், வடக்கின் எழுத்துப் பதிவிலிருந்து பெற்ற ஆண்டைத் தெற்கின் மண்ணுக்கு இழுத்துப் பொருத்துவது, மாற்றம் எப்போதும் சீனாவின் பக்கமிருந்தே தொடங்கும் என்னும் பழைய எண்ணத்துக்கு வேறு வழியில் இடம் தருகிறது. குடியேற்றக் காலப் பகுப்பை எதிர்த்துப் பிறந்த பகுப்பு, அதன் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது.

நகரும் கோடும் முன்-மூவரசுக் காலமும்

சாங்வொன் அருகே தாஹோரியில் 1988இல் அகழப்பட்ட முதலாம் எண் கல்லறை, கோடுகளின் நிலையாமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரிய மரத்தைக் குடைந்து செய்த சவப்பெட்டி நீர் கோத்த மண்ணில் அழுகாமல் இருந்தது. அரக்குப் பூசிய உறையுடன் வெண்கலக் குத்துவாள், இரும்புக் கருவிகள், சீன வெண்கலக் கண்ணாடி, சீனாவின் வூசு நாணயங்கள், எழுதுவதற்கான ஐந்து தூரிகைகள் ஆகியவை கிடைத்தன. காலம் கி.மு. 1ஆம் நூற்றாண்டு.

கிம் வொன்யோங் வகுத்த கோட்டின்படி இது தொடக்க இரும்புக் காலத்தது. அக்கோட்டைக் கி.மு. 100க்கு நகர்த்திய பிற்கால வகுப்பின்படி இது முன்-மூவரசுக் காலத்தது. சம்ஹான் காலம் என்னும் பெயரை விரும்பும் தென்கிழக்கு வட்டார ஆய்வாளர்களுக்கு இது சம்ஹான் கல்லறை. கல்லறை அசையவில்லை, கோடுதான் நகர்ந்தது. கோட்டை நகர்த்தியவர்களிடம் நல்ல காரணம் இருந்தது. தெற்கில் அடித்து வடித்த இரும்பும், மரப்பெட்டிக் கல்லறைகளும், மென்மையான சாம்பல் நிறப் பானைகளும் சேர்ந்து வரும் மாற்றம் கி.மு. 1ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகத் தெரிகிறது. ஆண்டெண் வசதியாக இருப்பதை விட மண்ணில் தெரியும் மாற்றம் முக்கியம் என்று அவர்கள் முடிவு செய்தது சரியே.

"முன்-மூவரசு" என்னும் பெயரில் உள்ள "முன்" என்பதற்குக் கொரிய மூலத்தில் "ஊற்று, மூலம்" என்னும் பொருளுண்டு. மூன்று அரசுகள் முழு வடிவம் பெறுவதற்கு முந்தைய மூல நிலை என்பது கிம் வொன்யோங்கின் கருத்து. அதற்கு முன் கிம்ஹே காலம், குலக்குழு அரசுக் காலம் என்று ஆளுக்கொரு பெயர் வழங்கிய நிலையில், இது ஓர் ஒழுங்கைத் தந்தது. அந்த நன்மையை மறுக்கக் கூடாது.

எதிர்ப்புகளும் வலுவானவை. முதலாவது, 1145இல் கிம் புசிக் தொகுத்த "சம்குக் சாகி" வரலாற்று நூல் சில்லாவின் தோற்றத்தைக் கி.மு. 57 என்றும், கோகுரியோவினுடையதைக் கி.மு. 37 என்றும், பெக்ஜேயினுடையதைக் கி.மு. 18 என்றும் கூறுகிறது. "முன்" என்னும் அடைமொழி அந்த முதல் மூன்று நூற்றாண்டுப் பதிவுகளை ஒரே வீச்சில் ஒதுக்குகிறது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் குறை கூறினர். பெக்ஜேயின் முதல் தலைநகரோடு தொடர்புபடுத்தப்படும் சியோலின் புங்னாப் மண்கோட்டையில் 1997 முதல் நடந்த அகழாய்வுகள் இவ்விவாதத்தை மேலும் கூர்மையாக்கின. இரண்டாவது, கோகுரியோ இக்காலத்தில் ஹான் ஆட்சிப் பிரிவுகளோடு போரிட்ட அரசு. அதை "மூல நிலை" என்பது பொருந்தாது. மூன்றாவது, "மூன்று" என்னும் எண் புயோ அரசையும், கி.பி. 562 வரை நீடித்த கயாவையும் வெளியே நிறுத்துகிறது.

மாற்றாக வைக்கப்படும் சம்ஹான் என்னும் பெயர் மாஹான், ஜின்ஹான், ப்யொன்ஹான் ஆகிய மூன்று தென்னகக் கூட்டமைப்புகளைக் குறிக்கும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சீனரான சென் ஷோ எழுதிய வரலாற்று நூலில் இவை விரிவாகப் பேசப்படுகின்றன. ப்யொன்ஹான் பகுதியின் இரும்பைச் சுற்றியிருந்த மக்கள் வாங்கிச் சென்றனர், சந்தையில் அது பணம்போல வழங்கியது என்னும் செய்தியும் அதில் உண்டு. கல்லறைகளில் கிடைக்கும் இரும்பின் பெருக்கம் இதோடு ஒத்துப்போகிறது. ஆயினும் சம்ஹான் தெற்குக்கு மட்டுமே உரிய பெயர். சியோலில் உள்ள தேசிய அருங்காட்சியகம் இன்று தன் கூடங்களுக்கு வெண்கலக் காலம், கோஜோசொன், புயோ, சம்ஹான் என்னும் பெயர்களை வழங்குகிறது. ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் அடைக்காமல் நிலத்துக்கேற்பப் பெயரிடும் போக்கு இதில் தெரிகிறது.

கரிமக் கணிப்பு தீர்த்ததும் தீர்க்காததும்

பெயர்ச் சண்டையை அறிவியல் முடித்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது உண்மை. ஒரு காலத்தில் கி.மு. 1000 அல்லது அதற்குப் பின் என்று கருதப்பட்ட வெண்கலக் காலத் தொடக்கம் கி.மு. 1500 வரை பின்னோக்கிச் சென்றது. ஜப்பானின் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் 2003இல் வெளியிட்ட கணிப்புகள், கொரியாவிலிருந்து நீர்ப்பாசன நெல் வேளாண்மை சென்று சேர்ந்த யாயோய் காலத்தின் தொடக்கத்தைக் கி.மு. 10ஆம் நூற்றாண்டுக்கு நகர்த்தின. இரு நாட்டு வரிசைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் கொரிய ஆண்டுகளும் மீண்டும் சரிபார்க்கப்பட்டன.

ஆனால் ஒரு தடை உண்டு. கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற ஒரு திருத்த வளைகோடு பயன்படுகிறது. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு மேசைபோலத் தட்டையாக உள்ளது. கி.மு. 700இல் வெட்டிய மரமும் கி.மு. 450இல் வெட்டிய மரமும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். சோங்குங்னி பண்பாட்டின் பெரும்பகுதியும் அதன் முடிவும் இந்தத் தட்டைப் பகுதிக்குள் விழுகின்றன. ஆகவே பட்டியலில் "550" என்று காணும் எண் கரிமக் கணிப்பு மட்டும் தந்ததன்று. பானை வடிவங்களின் வரிசையையும் வாள்களின் வரிசையையும் வைத்து மதிப்பிட்ட எண். தூண்களுக்குப் பயன்பட்ட பழைய மரத்தின் கரியைக் கணித்தால் வீட்டின் வயது உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அறிவியலின் பெயரை முன்னிறுத்தினாலே ஆண்டு உறுதியாகிவிடாது என்பதற்கு வட கொரிய எடுத்துக்காட்டு போதும். 1993இல் அந்நாட்டு அரசு, கொரிய மக்களின் தொன்மத் தந்தையான தாங்குனின் கல்லறை பியொங்யாங் அருகே கிடைத்ததாகவும், அதிலிருந்த எலும்புகள் 5,011 ஆண்டுப் பழமை உடையவை என்றும் அறிவித்தது. கல்லறையின் அமைப்போ பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய கோகுரியோ பாணி. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் வட கொரிய நூல்களில் வெண்கலக் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்கே இழுக்கப்பட்டது. தோ யுஹோவின் தலைமுறை மண்ணடுக்கை வைத்து மீட்டெடுத்த வெண்கலக் காலம், அரசின் பெருமைக்காக மண்ணடுக்கிலிருந்து மீண்டும் பிரிக்கப்பட்டது. குடியேற்ற ஆட்சி காலத்தைச் சுருக்கியது, தேசியப் பெருமை அதை நீட்டியது. இரண்டிலும் முடிவு முதலில் வந்தது, சான்று பின்னால் தேடப்பட்டது.

மதிப்பீடு

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, கி.மு. 1500 முதல் 300 வரையிலான காலத்துக்கு முமுன் பானை நிலைகளே உறுதியான சட்டகம். வெண்கலக் காலம் என்னும் பெயரைப் பொது வழக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதனோடு பானை நிலையும் வட்டாரமும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாவது, தெற்கைப் பொறுத்தவரை "தொடக்க இரும்புக் காலம்" என்னும் பெயரைக் கைவிடுவதே நல்லது. கி.மு. 300க்குப் பிந்தைய நூற்றாண்டுகளை மெலிந்த குத்துவாள் பண்பாடு என்று அதற்கு உரிய பெயராலேயே அழைத்து, இரும்பு நுழைந்ததை அதன் உள்ளே நிகழ்ந்த ஒரு மாற்றமாகக் காட்டலாம். களிமண் பட்டைப் பானைகளும் கி.மு. 300இல் நின்றுவிடவில்லை. சாசொன் கடற்கரைக்கு அப்பால் உள்ள நுக்தோ தீவில் அவற்றின் பிந்தைய வடிவம், ஜப்பானிய யாயோய் பானைகளுடனும் சீன நாணயங்களுடனும் சேர்ந்து கிடைக்கிறது. பானையில் தொடர்ச்சி இருக்க, பட்டியலில் மட்டும் வெட்டு விழுந்திருப்பது முறையன்று.

மூன்றாவது, முன்-மூவரசுக் காலம் என்பதைத் தீபகற்பத்தின் தெற்குக்கு மட்டும், தற்காலிக ஏற்பாடாகப் பயன்படுத்தலாம். கோகுரியோவுக்கு அதைப் பொருத்துவது தவறு.

மாணவர்கள் எந்தக் காலப் பட்டியலைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இந்தப் படியின் பெயர் எந்த அளவுகோலால் வந்தது? இந்தக் கோடு எந்த வட்டாரத்தின் சான்றால் விழுந்தது? இந்த ஆண்டு கணிக்கப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா? இம்மூன்றுக்கும் விடை தரும் பட்டியல் நம்பத்தக்கது. விடை தராத பட்டியல் எவ்வளவு ஒழுங்காக வரையப்பட்டிருந்தாலும், தேர்வுக்கு மனப்பாடம் செய்ய மட்டுமே உதவும்.